9. கிள்ளினால் பத்து

முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கடல்நீர்த் தொட்டிக்குச் சோவாந்திட் என்ற பவள வகையின் ஃபிராக் (சிறு துண்டு) ஒன்று வாங்கி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அது ஒட்டியிருந்த கல்லின் ஓரத்தில், ஓர் அரிசி மணி உயரத்துக்கு, கண்ணாடி போன்ற தண்டும் தலையில் மயிரிழையாகக் கைகளுமாக, குட்டித் தென்னை மாதிரி ஒன்று நின்று ஆடிக்கொண்டிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டினேன். “சார், இது அனிமோன். வெளியில ஆயிரம் ரூபாய்க்கு விக்கிறாங்க. உங்களுக்குக் கல்லோட சும்மா வந்திருக்கு” என்றார் கடைக்காரத் தம்பி. சும்மா வந்ததுதான். அதை விரட்ட நான் செலவழித்ததைக் கணக்குப் போட்டால் இன்னொரு தொட்டி வாங்கியிருக்கலாம்.

அதன் பெயர் ஏப்டேசியா. பள்ளிப் பாடத்தில் கடல் சாமந்தி என்று படித்தோமே, அந்தக் குடும்பம். கோமாளி மீன் குடியிருக்கும் பெரிய அனிமோன்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் கோமாளி மீன் இதை ஏறெடுத்தும் பார்க்காது. அனிமோன் என்ற பெயர் பொது என்பதால்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

அடையாளம் இதுதான். தண்டு மெலிந்து நீண்டிருக்கும். பழுப்பு நிறம், ஆனால் ஒளி ஊடுருவும். கைகள் நுனியில் கூராக முடியும், எந்தக் குமிழும் இருக்காது. வட்டத்தின் நடுவே வாய். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் நொடியில் சுருங்கிக் கல்லிடுக்குக்குள் போய்விடும். விசிறிப் புழுவும் இப்படித்தான் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அது போன பிறகு ஒரு குழாய் மிச்சம் நிற்கும், இறகு மாதிரிக் கிளைத்த கைகளும் அதற்கு உண்டு. விசிறிப் புழு தொட்டிக்கு நல்லது செய்வது. அவசரப்பட்டு அதைக் கொன்றுவிடாதீர்கள்.

ஒரே ஒரு ஏப்டேசியா இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒன்றும் கெடாது. ஆனால் ஒன்றாக அது இருப்பதில்லை. கைகளில் இருக்கும் கொட்டும் செல்களால் பக்கத்துப் பவளத்தைச் சுட்டு, அது பின்வாங்கிய இடத்தில் தன் பிள்ளையைக் குடிவைக்கும். கவனிக்காமல் விட்ட தொட்டியில் ஆறு மாதத்தில் கல் தெரியாமல் பழுப்பு மயிர் முளைத்துக் கிடப்பதை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பிடுங்கக் கூடாது

இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: கையால் பிடுங்காதீர்கள், பிளேடால் சுரண்டாதீர்கள்.

நான் இரண்டையும் செய்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றே மூன்று ஏப்டேசியா இருந்த நேரத்தில், பழைய டூத் பிரஷும் சவரப் பிளேடுமாக உட்கார்ந்தேன். கல்லைத் தொட்டிக்குள்ளேயே வைத்து அழுத்திச் சுரண்டினேன். பழுப்பாக ஒரு சிறு புகை கிளம்பி, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் வீச்சில் தொட்டி முழுக்கப் பரவி மறைந்தது. சுத்தமாகிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். அடுத்த மாதம் எண்ணியபோது, முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தெரிந்தவை மட்டும் 14. அந்தப் புகைதான் நான் தூவிய விதை.

இந்தப் பிராணி பெருகும் விதமே அப்படி. சும்மா இருக்கும்போதே அது கல்மேல் மெல்ல நகர்ந்து போகும். போகும் வழியில் தன் அடித்தட்டின் ஓரத்திலிருந்து துணுக்குகளைப் பிய்த்து விட்டுச் செல்லும். ஒவ்வொரு துணுக்கும் சில நாட்களில் வாயும் கைகளும் முளைத்துத் தனி ஆளாகிவிடும். இணை தேடவோ பருவம் பார்க்கவோ வேண்டியதில்லை. (பாலினப் பெருக்கமும் அதற்கு உண்டு, நம் தொட்டியில் தலைவலி தருவது துணுக்குதான்.) தானாகவே கிழிந்து பெருகும் ஒன்றை நாம் பிளேடால் கிழித்தால் அதன் வேலையை நாமே செய்து கொடுத்ததாகும்.

சீண்டினால் அதன் உடம்பிலிருந்து வெள்ளை நூல் போன்ற இழைகள் பீய்ச்சிக்கொண்டு வரும். அவை முழுக்கக் கொட்டும் செல்கள். பக்கத்துப் பவளத்தில் பட்டால் அதற்குக் காயம்.

ஆகவே வழி ஒன்றுதான்: நிற்கும் இடத்திலேயே, முழுசாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வது. கீழே சொல்லப்போகும் எல்லா முறையும் இதன் வேறு வேறு வடிவம்.

நாம் இப்படித் திட்டும் இதே பிராணியை ஆய்வுக்கூடங்களில் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறார்கள் என்பது வேடிக்கை. பவளங்களைப் போலவே இதன் உடம்புக்குள்ளும் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெப்பம் ஏறினால் பவளம் அந்தப் பாசியை இழந்து வெளுக்கிறது, இதுவும் வெளுக்கும். பவளத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கஷ்டம், இதை வளர்ப்பது சுலபம். அதனால் பவளத்துக்குப் பதிலாள் மாதிரி இதை வைத்து ஆராய்கிறார்கள். 2015-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு: பாசியை இழந்து வெளுத்தாலும் இது எளிதில் சாவதில்லை. இரை கிடைத்தால் இருட்டில்கூட ஓட்டிவிடும். “மூன்று நாள் விளக்கை அணைத்து வையுங்கள்” என்று யாராவது யோசனை சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். முதலில் வாடுவது உங்கள் பவளம்.

சுண்ணாம்பு

என் கையில் அதிகம் பலன் தந்தது கால்சியம் ஹைட்ராக்சைடு. நீர்த்த சுண்ணாம்பு. பவளம் வளர்ப்பவர்கள் கால்க்வாசர் என்ற பெயரில் இதை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பீர்கள். இதன் தெளிநீருக்கே பிஎச் 12-க்கு மேல். தொட்டி நீர் 8.1-க்கும் 8.4-க்கும் இடையில்தான் இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஆயுதம்: வாய்க்குள் போன சுண்ணாம்பு சதையை உள்ளிருந்து வேக வைத்துவிடும். மிச்சம் கரைந்து போனாலும் பவளத்துக்கு வேண்டிய கால்சியமாகத்தான் போகும்.

வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அதில் நிறமும் வாசனையும் என்னென்னவோ கலந்திருக்கலாம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு இன்னும் மோசம். நீலமும் பசையும் சேர்ந்தது. ஆய்வுக்கூடத் தரம் அல்லது உணவுத் தரம் என்று அச்சிட்ட பொட்டலம் வாங்குங்கள். அரைக் கிலோ வாங்கினால் பல வருஷம் வரும். காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வெறும் சுண்ணக்கல் தூளாகிவிடும்.

ஆர்ஓ தண்ணீர் சில சொட்டு விட்டுக் குழையுங்கள். பதம் முக்கியம். மோர் மாதிரி இருந்தால் நீரில் கலைந்து ஓடும். கெட்டித் தயிரைவிடச் சற்று இறுக்கமாக, வெற்றிலையில் தடவும் பதத்துக்கு வர வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கையுறையும் போடுங்கள். கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை: உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டியது.

5 மில்லி சிரிஞ்சு போதும். ஊசியின் கூர்முனையை வெட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் ஊசி மிக மெல்லியது, சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும். அடைத்ததைத் தள்ள அழுத்தினால் ஒரேயடியாகப் பீய்ச்சியடித்துப் பக்கத்துப் பவளத்தின் முகத்தில் போய் விழும். எனக்கு விழுந்திருக்கிறது, அந்தச் சோவாந்திட் பாதி வெந்துபோயிற்று.

நேரம் காலை. விளக்கு எரிந்து ஏப்டேசியா முழுதாக விரிந்த பிறகு தொடங்குங்கள். காலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இரவெல்லாம் பாசிகள் கரியமில வாயுவை உண்ணாததால் விடியற்காலையில் தொட்டியின் பிஎச் தாழ்ந்திருக்கும். சுண்ணாம்பு அதை ஏற்றப்போகிறது என்பதால் கீழேயிருந்து தொடங்குவது நல்லது. மாலையில் பிஎச் உச்சத்தில் இருக்கும்போது செய்தால் மேலே மேலே ஏறும்.

வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும், உறைந்த இறாலை உருக்கிய நீரில் ஒரு சொட்டை அதன் தலைக்கு மேல் விடுங்கள். இரை வந்த வாசனையில் கைகளை விரித்து வாயைக் காட்டும். சிரிஞ்சை மேலிருந்து மெதுவாக இறக்கி, தொடாமல், வாய் நடுவில் சுண்ணாம்பை ஒரு பயறு அளவு வையுங்கள். அதுவே வாங்கி விழுங்கும். பேராசைக்காரப் பிராணி. விழுங்கிச் சுருங்கும்போது நீங்கள் நகராதீர்கள்; அது உள்ளே போகும் பொந்தையும் சுற்றியுள்ள இடத்தையும் சுண்ணாம்பால் பூசி அடையுங்கள், சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைப்பது போல. அடித்தட்டு தப்பினால் முழுசும் தப்பியது மாதிரிதான்.

இருபது நிமிஷம் பொறுங்கள். பிறகு மேலே படிந்திருக்கும் சுண்ணாம்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, முதலில் ரிட்டர்ன் பம்பையும் சற்றுக் கழித்து வேவ்மேக்கரையும் போடுங்கள். சித்திரை வைகாசி வெக்கையில் இருபது நிமிஷத்தை நீட்ட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, ஓட்டமும் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும்.

ஒரு நாளில் எவ்வளவு? என் வழக்கம் 100 லிட்டர் நீருக்கு 2 மில்லி குழம்புக்கு மேல் போவதில்லை. அதாவது ஒரு வேளைக்கு ஐந்தாறு ஏப்டேசியா. பிஎச் 8.5-ஐத் தொட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. மூன்று நான்கு நாள் கழித்து அடுத்த சுற்று. இருப்பவை எல்லாவற்றையும் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பரபரத்தவர்கள் மீனைப் பறிகொடுத்த கதை உண்டு.

பத்து நாள் கழித்து அதே இடங்களைப் பாருங்கள். ஐந்தில் ஒன்றாவது பக்கத்து இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும். கோபப்படாமல் மறுபடி ஒரு பயறு அளவு.

கடையில் ரெட் சீ நிறுவனத்தின் ஏப்டேசியா-எக்ஸ் கிடைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். விழுங்க வைப்பதற்கென்றே செய்தது என்பதால் கையாளுவது எளிது, விலைதான் கூடுதல். எலுமிச்சைச் சாறு, வினிகர், கொதிநீர் இவற்றைத் தண்டுக்குள் ஊசியால் ஏற்றுவோரும் உண்டு. ஊசி உள்ளே இறங்கினால் பலிக்கும். ஆனால் அது சுருங்கும் வேகத்துக்கு நம் கை ஈடுகொடுப்பதில்லை. பொந்தின் வாயை ஒட்டும் பசையால் மூடிப் புதைப்பது கல்லில் வேறு துளை இல்லாவிட்டால் மட்டும். நம் கற்களில் துளை இல்லாத இடம் ஏது?

கல்லை வேக வைக்காதீர்கள்

“கல்லை எடுத்துக் கொதிக்க வைத்துவிட்டால் ஒரே நாளில் முடிந்தது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. சோவாந்திட், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கல்லை வேக வைத்தாலோ, காய்ந்த கல்லை பிரஷால் தேய்த்தாலோ, ஆவியிலும் தூசியிலும் அது காற்றில் ஏறும். மீன் தொட்டிக் கல்லைச் சமையலறையில் கொதிக்க வைத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கொதித்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள், போவதில்லை.

கல் முழுக்க ஏப்டேசியா, காப்பாற்ற வேண்டிய பவளம் எதுவும் அதில் இல்லை என்றால், கையுறை போட்டு எடுத்து, பிள்ளைகளும் நாயும் போகாத மொட்டை மாடி மூலையில் சில வாரம் வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயில் பார்த்துக்கொள்ளும். கல்லில் சோவாந்திட் இருந்திருந்தால் அதைத் தேய்க்காமல் அப்படியே குப்பைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. காய்ந்த கல்லுக்குள் செத்த உயிர்கள் நிறைய இருக்கும். நேராகத் தொட்டிக்குள் வைத்தால் அம்மோனியா எகிறும். தனி வாளியில் உப்பு நீரில் போட்டு, அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்த பின்பே உள்ளே விட வேண்டும்.

தின்பவர்களை விடுவது

பெப்பர்மின்ட் இறால்தான் முதலில் நினைவுக்கு வரும். உடம்பு கண்ணாடி மாதிரி, மேலே மெல்லிய சிவப்புக் கோடுகள். இரவில் திரிவது, பகலில் கண்ணில் படாததால் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சின்ன ஏப்டேசியாக்களை நன்றாகத் தின்னும், பெரியதைக் கண்டால் சுற்றிப் போய்விடும். ஆகவே பெரியதற்குச் சுண்ணாம்பு, குட்டிகளுக்கு இறால் என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒன்றை விடாமல் மூன்று நான்காக விட்டு, அந்த வாரங்களில் மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள். வயிறு நிறைந்த இறால் கொட்டும் இரையைத் தேடிப் போகுமா? எல்லா இறாலும் தின்னும் என்று உத்தரவாதமும் இல்லை. என் நான்கில் இரண்டு உழைத்தன, இரண்டு மீன் தீனியிலேயே கொழுத்தன.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஒட்டக இறால் என்று ஒன்று இதே பெட்டியில் இதே பெயரில் விற்பனைக்கு வரும். சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அகலமாகப் பளிச்சென்று இருக்கும், முதுகில் கூன், கண்கள் பெரியவை, மூக்கு மேலும் கீழும் மடங்கும். அழகு அதற்குத்தான் அதிகம். சோவாந்திட்டையும் காளான் பவளத்தையும் மேய்ந்துவிடும்.

காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் நீண்ட மூக்கை இடுக்கில் விட்டு ஏப்டேசியாவைக் கொத்தி எடுப்பதைப் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் இடம் வேண்டும். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கடைக்கு வரும்போதே பட்டினியோடு வருகிறது, போடும் தீனியை ஏறெடுத்துப் பார்க்காமல் மெலிந்து சாகிறது. கடையிலேயே தின்கிறதா என்று கண்ணால் பார்த்த பின் வாங்குங்கள். மீன் சந்தையில் கிடைக்கும் மட்டியைத் திறந்து கல்மேல் வைத்தால் பழகும் என்பது என் அனுபவம். ஏப்டேசியாவைக் கொல்வதற்காக ஒரு மீனைப் பட்டினி போட்டுக் கொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஃபைல்ஃபிஷ் வகையில் ஒன்றும் இதைத் தின்னும். ஏப்டேசியா தீர்ந்ததும் சில சமயம் பவளத்தைக் கடித்துப் பார்க்கும்.

எல்லாரையும்விடச் சுத்தமான வேலைக்காரன் பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை. இரண்டு சென்டிமீட்டர்தான். ஏப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்றதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு முட்களில் ஏற்றித் தனக்கே ஆயுதமாக்கிக்கொள்ளும். வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. யாரிடமாவது கிடைத்தால், விளக்கு அணைந்த பின் குழாயால் ஏப்டேசியாவுக்குப் பக்கத்திலேயே இறக்கி விடுங்கள். ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறாலும் உள்ள தொட்டியில் விட்டால் அவற்றுக்கு விருந்து. ஏப்டேசியா தீர்ந்தால் பெர்கியா பட்டினிதான். அதற்கு முன்பே பிடித்து, தொல்லையில் இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மஜானோ

தொட்டிக்குத் தொல்லை தரும் இன்னொரு அனிமோன் இது. குட்டையான தண்டு, கட்டை கட்டையான கைகள், நுனியில் சற்று உப்பல், பச்சை அல்லது இளஞ்சிவப்பு மினுக்கு. பார்த்தால் கோமாளி மீன் குடியிருக்கும் பபிள் டிப் அனிமோனின் குஞ்சு மாதிரியே இருக்கும். அதனால்தான் ஆசையாக வளர்த்துவிடுகிறோம். வளர்ந்தாலும் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் எண்ணிக்கையில் மட்டும் பெருகினால் அது மஜானோ. இறாலை நம்ப வேண்டாம். சுண்ணாம்பு முறைதான், அளவு கொஞ்சம் கூட்டி. அது உட்கார்ந்திருப்பது சிறு கல்லாக இருந்தால் கல்லோடு வெளியே எடுத்துப் போட்டுவிடுவது மிச்சம்.

தீனியும் வாசலும்

ஏப்டேசியா பெருகும் வேகத்தை வைத்தே அந்த வீட்டில் எவ்வளவு தீனி போடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மீன் தின்றது போக மிதப்பதையெல்லாம் அது பிடித்துத் தின்கிறது. உறைந்த இறாலை உருக்கிய நீரை வடித்துவிட்டுப் போடுவது, ஒரு வேளையை அரை வேளையாக்குவது, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கிண்ணத்தை வாரம் இருமுறை கழுவுவது, இவை அதைக் கொல்லாது. ஆனால் நீங்கள் கொல்லும் வேகத்தை அது முந்தாமல் பார்த்துக்கொள்ளும்.

வாசலில் தடுப்பது இன்னும் மேல். புதிதாக வாங்கிய ஃபிராக்கை மருந்து நீரில் முக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான முக்கு மருந்துகளுக்கு ஏப்டேசியா அசைவதில்லை. ஃபிராக் ஒட்டியிருக்கும் வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வில்லையில் ஒட்டுங்கள். ஏப்டேசியா பெரும்பாலும் பவளத்தின்மேல் அல்ல, வில்லையின் ஓரத்திலோ அடியிலோதான் வரும். பிறகு ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை பூதக்கண்ணாடியால் அடியைப் பாருங்கள்.

ராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ கடலிலிருந்து எடுத்த கல் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியாது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம்.

தொட்டியில் ஒன்றுமே தெரியவில்லை என்ற நிலை வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போங்கள். ஓவர்ஃப்ளோ பெட்டியின் உள்சுவர், சம்ப் என்ற வடிகட்டும் தொட்டியின் குழாய் வாய், ரிட்டர்ன் பம்பின் உறிஞ்சும் சல்லடை. அங்கே வெளிச்சம் இல்லாததால் நிறம் வெளுத்து, கண்ணாடி நூல் மாதிரி நின்றுகொண்டிருக்கும். இறாலும் மீனும் எட்டாத இடம், தீனியோ தண்ணீரோடு தானாக வந்து சேருகிறது. பம்பையும் குழாயையும் கழற்றி வெளியே வினிகர் நீரில் ஊறப் போட்டுத் தேயுங்கள். தொட்டிக்கு வெளியே சுரண்டுவதில் பிழையில்லை, கழுவிய நீர் சாக்கடைக்குப் போகிறவரை. கழற்ற முடியாத சுவருக்கு அதே சிரிஞ்சு, அதே பயறு அளவு. என் ஓவர்ஃப்ளோ பெட்டியின் இடது மூலையில் இப்போதும் ஒன்று இருக்கிறது. கைக்கு எட்டாத இடம். 20 மில்லி சிரிஞ்சின் முனையில் காற்றுக் குழாய் ஓரடி செருகி, மாதம் ஒருமுறை சுண்ணாம்பு ஊட்டுகிறேன்.